வாட்ஸ்அப்பில் அனுப்பிய பீட்டாவிலிருந்து (சோதனைப் பதிப்பு) பிளே ஸ்டோருக்கு மாறினால் விளையாடியதெல்லாம் அழிகிறது, என்ன செய்வது?

வைகைக்கரை | வெள்ளி, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதமாகத் தனியாளாக ஆடு புலி ஆட்டத்தை யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி, நம் ஊரில் திண்ணையில் சுண்ணாம்பால் கோடு போட்டு ஆடுவோமே அதே கட்டம்தான். கம்ப்யூட்டரோடு ஆட 40 லெவல் வைத்திருக்கிறேன். இத்தனை நாளும் வாரம் ஒரு ஏபிகே (ஆப்பை நேரடியாக இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன், சொந்தக்காரர்கள், கல்லூரி நண்பர்கள் என்று 17 பேர் ஆடிப் பார்த்துச் சொல்வார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிளே ஸ்டோரில் வெளியிடலாம் என்று போன மாதம் 25 டாலர் கட்டித் தனிநபர் கணக்கு தொடங்கினேன். 12 பேர் 14 நாள் தொடர்ந்து க்ளோஸ்டு டெஸ்டிங்கில் (நாம் சேர்த்தவர்கள் மட்டும் ஆடிப் பார்க்கும் சோதனை) இருந்தால்தான் வெளியீட்டுக்கே விண்ணப்பிக்க முடியும் என்று தெரிந்ததும், சரி, நம் குழுதான் இருக்கிறதே என்று லிங்கை அவர்களுக்கே அனுப்பினேன். ஒருவருக்கும் இன்ஸ்டால் ஆகவில்லை. பழையதை அழித்துவிட்டுப் போடுங்கள் என்று சொன்னேன். சிலர் போட்டார்கள், ஆனது, ஆனால் அவர்கள் எல்லோருக்கும் மறுபடி முதல் லெவல்.

தேனியில் இருக்கும் என் அத்தை 34ஆவது லெவல் வரை வந்திருந்தார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "ஏம்ப்பா, மறுபடி ஒண்ணுல இருந்தா ஆடணும்?" அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைத் திறக்கவே இல்லை. இன்னும் மூன்று பேர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். 11 பேர் இன்னும் பழையதை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள், அவர்களையாவது காப்பாற்ற வழி இருக்கிறதா? இனிமேல் பீட்டாவை எந்த வழியாக அனுப்புவது சரி?

பொறிவண்டு | வெள்ளி, இரவு 11.25

முதலில் காரணம். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் ஒரு சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். ஏற்கெனவே போனில் இருக்கும் ஆப்பின் மேல் புதியது ஏற வேண்டுமானால் இரண்டிலும் கையொப்பம் ஒன்றாக இருக்க வேண்டும், பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள சாவியின் கையொப்பம். பிளே கன்சோலில் (டெவலப்பர்கள் ஆப்பை ஏற்றும் இடம்) ஏற்றுவது ஏஏபி, அதாவது ஏபிகே-யை உருவாக்குவதற்கான தொகுப்பு. அதை கூகுள் வாங்கி, அவர்களிடம் இருக்கும் சாவியால் மறுபடி கையொப்பமிட்டுத்தான் போனுக்கு அனுப்புகிறது. 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்களுக்கு ஏஏபி கட்டாயம், அதனால் இதிலிருந்து தப்பிக்க முடியாது. கன்சோலில் ஆப்பை முதலில் உருவாக்கும்போது உங்கள் சாவியையே கொடுக்க ஒரு வசதி உண்டு, பெரும்பாலும் யாரும் அதைக் கவனிப்பதில்லை, நீங்களும் தாண்டிப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு கேள்வி: யூனிட்டியில் சொந்தமாக கீஸ்டோர் (சாவியை வைக்கும் ஃபைல்) வைத்திருந்தீர்களா, இல்லை சோதனைக்காக அதுவே போட்டுக்கொள்ளும் டீபக் சாவியா? டீபக் சாவி கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறு. அது போய்விட்டால் பழைய ஏபிகே மேல் எதையுமே ஏற்ற முடியாது, எனவே இன்றிரவே அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். காப்பாற்றும் வழி அந்தச் சாவியில்தான் இருக்கிறது.

நிரல்மகள் | சனி, காலை 7.10

அந்த 11 பேரிடம் "அழிக்காதீர்கள்" என்று உடனே சொல்லுங்கள் தம்பி, மற்றதெல்லாம் அப்புறம்.

இதே பள்ளத்தில் நான் இரண்டு வருடம் முன்னால் விழுந்திருக்கிறேன், ஒரு சொல் விளையாட்டு, 30 பேர். அப்போது செய்தது இது: பழைய சாவியிலேயே கடைசியாக ஒரு ஏபிகே எடுங்கள், வெர்ஷன் கோடு (பதிப்பின் உள் எண்) மட்டும் ஒன்று கூட்டி. சாவி அதே என்பதால் பழையதன் மேல் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏறும். அதில் புதிதாக ஒரே ஒரு பொத்தான், "என் குறியீட்டைக் காட்டு". பிளே ஸ்டோர் பதிப்பில் "குறியீடு இருக்கிறது" என்று ஒரு இடம். முதலில் குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பழையதை அழித்து, புதியதைப் போட்டு, குறியீட்டை அடித்தால் விட்ட இடத்துக்கே வந்துவிடுவார்கள்.

குறியீடு நீளமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். உங்களுக்கு 40 லெவல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டால் லெவலுக்கு 2 பிட், மொத்தம் 80 பிட். 32 எழுத்து கொண்ட ஒரு தொகுதியில் எழுதினால் எழுத்துக்கு 5 பிட், 16 எழுத்துதான் வரும். நாலு நாலாகப் பிரித்துக் காட்டுங்கள். பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும், ஒன்றையும் ஐ எழுத்தையும் தொகுதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல் விட்டு, ஒரு பெரியவர் ஃபோனில் படித்துக் காட்ட நான் அடிக்க என்று இருபது நிமிடம் போனது.

ஃபைலாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேமித்தால் என்ன என்று தோன்றும். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு, அழித்து மறுபடி போட்ட ஆப் தன் பழைய ஃபைலைத் தானாகத் தொட முடியாது, பயனரே தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் அத்தைமார்களுக்குக் குறியீடே எளிது.

ஏற்கெனவே அழித்தவர்களுக்குச் சேமித்தது போனது போனதுதான். ஆனால் அத்தை 34 என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, 33 லெவல் முடித்ததாக ஒரு குறியீட்டை நீங்களே உருவாக்கி, அவரை ஃபோனில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மெசேஜில் வேண்டாம், கூப்பிட்டே பேசுங்கள்.

கொங்கு_பட்டறை | சனி, காலை 9.30

எல்லோரும் பிளே ஸ்டோர் வழியே சரி என்று முடிவு கட்டிவிடப் போகிறீர்கள் என்று தோன்றுவதால் எதிர்ப்பக்கமும் சொல்லி வைக்கிறேன். ஆரம்ப நிலையில் வாட்ஸ்அப் ஏபிகே-க்கு ஈடு இல்லை. காலையில் ஒரு பிழையைச் சரி செய்து பத்து மணிக்குள் பதினைந்து பேர் கையில் கொடுக்கலாம். ஜிமெயில் எது, சேர்ந்தீர்களா, லிங்க் திறந்ததா என்ற எதுவும் வேண்டாம். முக்கியமாக, கருத்தும் அதே இடத்தில் வருகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் விரலால் வட்டம் போட்டு அனுப்புகிறார்கள், வாய்ஸில் திட்டுகிறார்கள், எனக்கு அதுதான் வேண்டும். ஃபார்ம் கொடுத்தால் "நன்றாக உள்ளது" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பொறிவண்டு | சனி, காலை 10.05

கருத்து வாட்ஸ்அப்பில் வருவது நல்லது, அதில் மறுப்பே இல்லை. ஆப்பும் அதே வழியில் போவதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

முதல் காரணம், யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்றே தெரியாது. போன வருடம் ஒரு பிழையை மூன்று நாள் தேடினேன். சொன்னவர் குழுவில் மேலே தேடி ஆறு வாரம் பழைய ஏபிகே-யை எடுத்துப் போட்டிருந்தார், நான் அதை எப்போதோ சரி செய்துவிட்டேன். அன்றிலிருந்து முகப்புத் திரையின் மூலையில் பதிப்பு எண்ணைச் சிறியதாகப் போட்டு வைக்கிறேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே அதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது. வைகைக்கரை, நீங்களும் இதை இன்றே செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரியது. ஆண்ட்ராய்டு 8 முதல் ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் போடும் அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. உங்கள் ஏபிகே-யைத் திறக்கும்போது அத்தையின் போன் வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதியைக் கேட்டிருக்கும், நீங்களும் "ஓகே கொடுங்க அத்தை, ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருப்பீர்கள். அனுமதி அப்படியே திறந்து கிடக்கும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலேயே ஏபிகே அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கிற மோசடி நடக்கிறது, சைபர் கிரைம் போலீஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பிளே புரொடெக்ட் (ஆபத்தான ஆப்பைப் பற்றிச் சொல்லும் கூகுளின் பாதுகாப்பு) எச்சரிக்கையைப் பார்த்தாலும் "பரவாயில்லை, போடு" என்று அழுத்தும் பழக்கத்தை நாமே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். நம்மை நம்பி ஆடிப் பார்க்கிறவர்களுக்கு நாம் அதைச் செய்யக் கூடாது. கூப்பிட்டு, அந்த அனுமதியைத் திரும்ப மூடச் சொல்லுங்கள்.

கொங்கு_பட்டறை | சனி, காலை 10.40

அனுமதி விஷயத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். என் குழுவிலும் இன்று சொல்கிறேன்.

ஆனால் வேகத்துக்கு என்ன வழி? க்ளோஸ்டு டெஸ்டிங் டிராக்கில் (அந்தச் சோதனைக்கான தனி வரிசை) ஏற்றினால் கூகுளின் ரிவ்யூ முடியக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பொறிவண்டு | சனி, காலை 11.15

அதற்கு இன்டர்னல் டெஸ்டிங் டிராக் இருக்கிறது. 100 பேர் வரை, ஏற்றிய சில நிமிடங்களில் பெரும்பாலும் கிடைத்துவிடும். கையொப்பமும் க்ளோஸ்டு, ஓப்பன், கடைசி வெளியீடு எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால் சேமித்தது அழியாது. 14 நாள் கணக்கில் மட்டும் இது சேராது, அதற்கு க்ளோஸ்டு டிராக்கே வேண்டும். தினசரி வேலைக்கு நான்கைந்து பேரை இன்டர்னலில் வையுங்கள், அங்கே இரண்டு நாள் தாக்குப்பிடித்த பதிப்பை க்ளோஸ்டுக்குத் தள்ளுங்கள்.

"இன்டர்னல் ஆப் ஷேரிங்" என்று கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொன்றும் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏற்றியவுடன் ஒரு லிங்க் வரும், வெர்ஷன் கோடு பற்றிக் கவலை இல்லை, ஆனால் அது வேறொரு தனிச் சாவியால் கையொப்பமாகிறது. அதிலிருந்து க்ளோஸ்டுக்கு வந்தால் மறுபடியும் அழித்துப் போடும் கதைதான். மேலும் சோதிப்பவர் பிளே ஸ்டோர் அமைப்புகளில் பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டி அந்த வசதியைத் திறக்க வேண்டும். டெவலப்பர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளச் சரி, அத்தைக்குச் சரிவராது.

யாருக்காவது ஏபிகே-யாகவே கொடுத்தாக வேண்டும் என்றால், கன்சோலில் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரர் என்ற பக்கத்தில் கூகுள் சாவியிட்ட யுனிவர்சல் (எல்லாப் போனுக்கும் பொதுவான) ஏபிகே-யை டவுன்லோட் செய்ய முடியும். அதைக் கொடுத்தால் பின்னால் ஸ்டோர் பதிப்பு அதன் மேலேயே ஏறும். முதல் நாளிலிருந்தே இதைச் செய்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

மின்மினி | சனி, மாலை 4.20

12 பேர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நண்பர் வட்டம் சிறியது, ஊரில் ஆண்ட்ராய்டு வைத்து கேம் ஆடுகிறவர் என்று நான்கு பேர்கூடத் தேறவில்லை. காசு வாங்கிக்கொண்டு 12 பேரைத் தரும் ஒரு சேவையில் பணம் கட்டினேன். சொன்னபடி 12 பேர் வந்தார்கள், 14 நாள் இருந்தார்கள். ஒருவர்கூட இரண்டாவது லெவலைத் தாண்டவில்லை, தினமும் திறந்து மூடியதோடு சரி. 14 நாள் முடிந்து விண்ணப்பத்தில் "என்ன கருத்து வந்தது, அதை வைத்து என்ன மாற்றினீர்கள்" என்ற கேள்விக்கு எழுத என்னிடம் ஒரு வரி இல்லை. இருந்ததை வைத்து எழுதினேன், அனுமதி கிடைக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் விண்ணப்பித்தது என் தவறு. இப்போது இரண்டாவது முறை 14 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் தனியாளாக இருப்பவர்கள் வேறு என்னதான் செய்வது என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிரல்மகள் | சனி, மாலை 5.05

மின்மினி, சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த விதி 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு மட்டும், அதுவும் முதலில் 20 பேர் என்று இருந்து 2024 டிசம்பரில்தான் 12 ஆனது. அந்த 20 காலத்தில் நான் பட்டது எனக்குத் தெரியும்.

எனக்குக் கைகொடுத்தது ஆட்டத்தின் பொருளோடு தொடர்புள்ளவர்களைத் தேடிப் போனதுதான். என்னுடையது சொல் விளையாட்டு, பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர்கள் ஆறு பேரை நேரில் போய்க் கேட்டேன். வைகைக்கரைக்கு ஆடு புலி ஆடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் "கேம் டெஸ்டர்" இல்லை, ஆனால் புலி தப்பான இடத்துக்குத் தாவினால் அந்த நொடியே கண்டுபிடிப்பார்கள், ஒருவர் ஆப்பை மற்றவர் சோதித்துக் கொடுக்கும் 500 பேர் கொண்ட டெஸ்டர் பரிமாற்றக் குழுவால் அது முடியாது. உங்கள் விளையாட்டு என்ன என்று சொல்லுங்கள், யாரைக் கேட்கலாம் என்று இங்கேயே யோசிப்போம், நானும் ஒருத்தியாகச் சேர்கிறேன்.

மின்மினி | சனி, மாலை 5.30

நன்றி அக்கா. பேருந்து நிலையத்தை நிர்வகிக்கும் விளையாட்டு. நேரம் பார்த்து வண்டியை எந்த ரேக்கில் நிறுத்துவது, எதை முதலில் விடுவது என்று. என் மாமா நடத்துநராக இருந்தவர், அவரிடம் இதுவரை காட்டவே இல்லை. இன்று காட்டுகிறேன்.

தாமிரபரணி | சனி, இரவு 8.15

ஐபோன் பக்கம் யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாக. டெஸ்ட்ஃப்ளைட்டில் (ஆப்பிளின் பீட்டா சோதனை வசதி) இந்தக் கையொப்பச் சிக்கல் இல்லை, பீட்டா மேல் ஆப் ஸ்டோர் பதிப்பு ஏறும், சேமித்தது அப்படியே இருக்கும். உங்கள் குழுவுக்குள்ளே 100 பேர், வெளியாட்கள் 10,000 பேர் வரை, பொது லிங்க் கொடுத்து எத்தனை பேர் என்று வரம்பும் வைக்கலாம். வெளியாட்களுக்குப் போகும் முதல் பதிப்பை ஆப்பிள் பார்த்து அனுமதிக்க வேண்டும். வருடம் 99 டாலர், அது கசக்கத்தான் செய்யும்.

ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதி ஆகும். வேலை மாற்றம் காரணமாக நான் மூன்று மாதம் கேமைத் தொடவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 60 பேருக்கும் ஆப் திறக்கவில்லை. மாற்றம் எதுவும் இல்லை என்றாலும் 80ஆவது நாள் ஒரு பதிப்பை ஏற்றிவிடுங்கள், காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 8.50

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீபக் சாவிதான் பயன்படுத்தியிருக்கிறேன், நல்லவேளையாக அதே லேப்டாப், நகல் எடுத்துவிட்டேன். 16 எழுத்துக் குறியீடு நேற்று இரவே வேலை செய்துவிட்டது.

இன்னொரு சிக்கல். குறியீடு வாங்கிக்கொண்டவர்களில் நான்கு பேருக்கு லிங்கைத் திறந்தால் ஆப்பே கிடைக்கவில்லை என்று வருகிறது. அவர்கள் கொடுத்த ஜிமெயிலைத்தான் பட்டியலில் போட்டிருக்கிறேன்.

நிரல்மகள் | ஞாயிறு, காலை 9.20

அவர்கள் கொடுத்த ஜிமெயிலும் போனில் பிளே ஸ்டோர் ஓடும் ஜிமெயிலும் வேறாக இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு அதுதான். போனை வாங்கிக் கொடுத்த மகன் தன் கணக்கைப் போட்டிருப்பார், அல்லது கடையில் அமைத்துக் கொடுத்தவர் புதிதாக ஒன்று தொடங்கியிருப்பார். பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டு அங்கே தெரிவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாயால் கேட்காதீர்கள். இரண்டு கணக்கு இருந்தால் லிங்க் குரோமில் ஒரு கணக்கிலும் ஸ்டோர் இன்னொரு கணக்கிலும் திறக்கும், அதையும் பாருங்கள்.

அப்புறம், 12 பேர் வேண்டும் என்றால் 18 பேரையாவது சேருங்கள். நடுவில் விலகி மறுபடி சேர்ந்தவருக்கு 14 நாள் முதலிலிருந்து எண்ணப்படும். ஒவ்வொரு பதிப்புக்கும் என்ன மாறியது என்று தமிழில் இரண்டு வரி எழுதி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எப்படி இருக்கிறது" வேண்டாம். "12ஆவது லெவலில் எத்தனை முறை தோற்றீர்கள்" என்று கேளுங்கள், பதில் வரும். வருவதையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், விண்ணப்பத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

வைகைக்கரை | புதன், இரவு 11.10

நான்கு பேரில் மூன்று பேருக்கு மகன் கணக்கு, ஒருவருக்குக் கடைக்காரர் தொடங்கிய கணக்கு. சரி செய்தாயிற்று. இன்றைய கணக்கு 16 பேர். 11 பேரும் தங்கள் லெவலுக்கே வந்துவிட்டார்கள்.

அத்தையைக் கூப்பிட்டுப் பேசினேன், குறியீட்டை நான் சொல்லச் சொல்ல அவரே அடித்தார். முதலில் வாட்ஸ்அப் அனுமதியை மூட வைத்தேன். இன்று மாலை அவரிடமிருந்து வந்த வாய்ஸ் மெசேஜை அப்படியே எழுதுகிறேன்: "ஆட்டத்துக்கு நடுவுல உங்க மாமா போன் பண்ணினாரு. பேசிட்டு வந்து பாத்தா எங்கிட்ட ஒரு ஆடு கூட இருக்கு. புலி ஒண்ண வெட்டிருச்சு, அது திரும்பி வந்துருச்சா?"

என் போனில் எத்தனை முறை கால் செய்து பார்த்தும் வரவில்லை. அத்தையுடையது 2 ஜிபி ரேம் போன், கால் வந்தால் ஆட்டத்தை சிஸ்டமே மூடிவிடுகிறது, திரும்ப வரும்போது சேமித்ததிலிருந்து எழுகிறது. சேமிக்கும் இடத்தில் இதுவரை இறக்கிய ஆடுகள் எத்தனை என்று எழுதாமல், கட்டத்தில் இப்போது நிற்கும் ஆடுகள் எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று வெட்டுப்பட்டிருந்தால் 15-க்குப் பதில் 16 ஆடு இறக்க முடிகிறது. ஏழு மாதமாக இது உள்ளேயே இருந்திருக்கிறது.

பதிப்பு 31-இல் சரி செய்து இன்டர்னலில் ஏற்றிவிட்டேன். நாளை காலை மாமாவை ஆட்டத்துக்கு நடுவில் மறுபடி போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.